ஆட்டுவிப்பது யார்?

"வரலாறு படித்தவருக்குக் கணினியில் என்ன வேலை, தம்பி?"

நம்மை நோக்கி இப்படிக் கேட்டவர் நம் பள்ளியின் மூத்த தமிழாசிரியர். நல்லவர், நம்மிடம் பரிவு கொண்டவர். ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர வேண்டும், பூட்டிக் கிடக்கும் கணினி அறையைத் திறந்துவிட வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திலே நாம் சற்று உரக்கப் பேசிவிட்டோம். அதற்குத்தான் அந்தக் கேள்வி. "கணக்காசிரியர் பேசினால் கேட்கலாம். அறிவியலாசிரியர் பேசினால் கேட்கலாம். அசோகரையும் அக்பரையும் சொல்லித்தர வந்த உங்களுக்கு எதற்கு இந்த வம்பு?" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். வேறென்ன செய்ய!

வீடு திரும்பிய பிறகும் கேள்வி நம்மை விடவில்லை. கலை பயின்றவருக்கு அங்கே உண்மையிலேயே வேலை இல்லையா? வேலி போட்டது யார்? எப்போது போட்டார்கள்? ஏடுகளைப் புரட்டினோம். வியந்தோம்! கணினியை மாணவர் கையிலே கொடுத்த கதையே, கலை மாணவர்களை எண்ணித் தொடங்கிய கதையாக இருக்கக் கண்டோம்.

1964ஆம் ஆண்டு மே முதல் நாள். விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹானோவர் எனும் சிற்றூரில், டார்ட்மத் கல்லூரியின் ஓர் அறையில் விளக்கெரிந்துகொண்டிருந்தது. தட்டச்சுப் பொறிகள் போன்ற முனையங்கள் ஒரே கணினியோடு இணைக்கப்பட்டிருந்தன. ஒரே நேரத்தில் வெவ்வேறு முனையங்களிலிருந்து நிரல்களை அனுப்பினர். அனைத்திற்கும் விடை வந்தது. 'பேசிக்' என்னும் நிரல்மொழி பிறந்த வேளை அது.

அதற்கு முன்பு கணினி எப்படி இருந்தது? அறை ஒன்றிலே குளிரூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நுழையும் உரிமை ஒரு சிலருக்கே. மற்றவர் வெளியே நின்று துளையிட்ட அட்டைக் கட்டை நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் அதை வாங்கிப் பொறியிடம் 'சமர்ப்பிப்பார்'. நாளைக்கு வா என்பார். நாளை வந்தால், ஓர் எழுத்து பிழையென்று கட்டு திரும்பியிருக்கும். மீண்டும் திருத்தம், மீண்டும் வரிசை, மீண்டும் காத்திருப்பு! இத்தகைய நடைமுறை எங்கிருந்து வந்தது என்று நம் ஊர் வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இந்தக் கதவைத் திறந்தவர்கள் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள். கெமெனி, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து யூதக் குடும்பத்துப் பிள்ளை. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940இல் அமெரிக்கா வந்தவர். ஐன்ஸ்டீனுக்கே கணித உதவியாளராக இருந்தவர். அவர்கள் இருவரும் எண்ணிப் பார்த்தனர். தம் கல்லூரி மாணவருள் பெரும்பாலோர் அறிவியல் பயில்வோர் அல்லர். இலக்கியமும் வரலாறும் பொருளியலும் பயில்வோர். நாளை சட்டமன்றத்தில் அமரப்போகிறவர்கள், நிறுவனங்களை நடத்தப்போகிறவர்கள், தீர்ப்பு எழுதப்போகிறவர்கள் இவர்களே. கணினியை எங்கே பயன்படுத்துவது, எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருக்கப்போகிறவர்களுக்கு அது எப்படி இயங்குகிறது என்றே தெரியாவிட்டால்? ஆகவே எளிய ஆங்கிலச் சொற்களைக் கொண்டே ஒரு மொழி செய்தனர். நூலகத்திலே மாணவன் தானே நடந்துசென்று நூலை எடுத்துக்கொள்வதுபோல, கணினியையும் எவர் அனுமதியும் கேளாமல் பயன்படுத்த வழி செய்தனர். சில ஆண்டுகளிலேயே அக்கல்லூரி மாணவருள் மிகப் பெரும்பாலோர் நிரல் எழுதினர்.

மாணவர் என்றால் ஆண்கள்! 1972 வரை அங்கே பட்டப்படிப்பில் மகளிருக்கு இடமில்லை. கதவைத் திறந்தவர்களும் பாதிக் கதவைத்தான் திறந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கல்லூரிக்கு வந்தது போதுமா, பள்ளிக்கு வரவேண்டாமா? பள்ளிக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். அந்நாட்டு நிறவெறியை எதிர்த்து இளமையிலேயே குரல் கொடுத்தவர். குழந்தை எப்படிக் கற்கிறது என்பதை ஆராய்ந்த ழான் பியாஜேயோடு ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு அமெரிக்கா சென்று, வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து 1967இல் 'லோகோ' எனும் நிரல்மொழியை உருவாக்கினார். கவனியுங்கள்: படை கேட்டு உருவான மொழியன்று, வங்கி கேட்டு உருவான மொழியன்று, குழந்தைகளுக்கென்றே உருவான மொழி!

அந்த மொழியிலே ஓர் 'ஆமை' உண்டு. முதலில் தரையில் ஊர்ந்து கோடு போடும் சிறு எந்திரமாக இருந்தது. பின்னர்த் திரையில் ஊரும் குறியாயிற்று. முன்னே 100 அடி என்றால் நடக்கும். வலப்புறம் 90 பாகை என்றால் திரும்பும். இதையே நான்கு முறை செய் என்றால் சதுரம் போடும். அவ்வளவுதான். இதில் என்ன பெருமை என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது.

முக்கோணம் போடச் சொல்லிப் பாருங்கள், புரியும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பிள்ளை பாடத்தில் படித்திருக்கிறது. முன்னே 100, வலம் 60. மூன்று முறை என்று கட்டளை இடுகிறது. ஆமை நடக்கிறது. மூன்று கோடுகள் வருகின்றன, முக்கோணம் வரவில்லை! அறுகோணத்தில் பாதியைப் போட்டுவிட்டு ஆமை நிற்கிறது. ஆமை தவறு செய்யவில்லை. சொன்னதைச் செய்தது. சொன்னதுதான் தவறு. பிள்ளை எழுந்து தானே ஆமைபோல் நடந்து பார்க்கிறது. மூலையிலே நாம் திரும்புவது உள்கோணம் அன்று, வெளிக்கோணம் என்று காலால் உணர்கிறது. 120 என்று மாற்றுகிறது. முக்கோணம்!

ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதைப் படித்தபோது சுருக்கென்றது. அந்தப் பிள்ளை 60 என்று விடைத்தாளில் எழுதியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? சிவப்பு மையால் ஒரு கோடு, ஒரு சுழி, அடுத்த தாள். பிழை என்பது அங்கே முடிவு. பேப்பர்ட்டின் வகுப்பிலோ பிழைதான் தொடக்கம். எங்கே பிழைத்தது என்று தேடுவதுதான் பாடம். 1980இல் அவர் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் சாரமும் இதுவே. எந்திரம் பிள்ளையை ஆட்டிவைப்பதா? பிள்ளை எந்திரத்தை ஆட்டிவைப்பதா? இரண்டையும் நாம் 'கணினிக் கல்வி' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோமே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல என்பதை ஒரு நாடே பட்டு உணர்ந்தது. பிரிட்டன்தான் அந்த நாடு.

1978இல் பிபிசி தொலைக்காட்சியில் நுண்சில்லு பற்றிய ஆவணப்படம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. எத்தனை தொழில்கள் அழியுமோ, எத்தனை பேர் வேலை இழப்பரோ என்ற அச்சம் நாட்டிலே பரவிற்று. அச்சத்தில் உறைந்துபோகாமல் பிபிசி ஒன்று செய்தது. மக்கள் அனைவருக்கும் கணினியைக் கற்றுத்தரும் திட்டம் தீட்டிற்று. தொலைக்காட்சித் தொடர், நூல், கூடவே வீட்டிலும் பள்ளியிலும் வைத்துப் பழக ஒரு கணினி. அதைச் செய்துதர யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டது.

கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்றொரு சிறு நிறுவனம். அதை நடத்தியவருள் ஒருவரான ஹெர்மன் ஹாவுசர், சோஃபி வில்சனிடம் சென்று, ஒரு வாரத்தில் மாதிரிப் பொறி செய்ய முடியுமென்று ஸ்டீவ் ஃபர்பர் சொல்லிவிட்டார் என்றார். ஃபர்பரிடம் சென்று, முடியுமென்று வில்சன் சொல்லிவிட்டார் என்றார். இருவருமே சொல்லவில்லை! ஆனாலும் வார முடிவில் பிபிசியார் வந்தபோது பொறி இயங்கிற்று. ஒப்பந்தம் கைக்கு வந்தது. 1981 டிசம்பரில் 'பிபிசி மைக்ரோ' வெளிவந்தது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிற்று. பள்ளிகள் கணினி வாங்கப் பாதி விலையை அரசே ஏற்றது. பன்னிரண்டாயிரம் விற்றால் பெரிது என்று எண்ணித் தொடங்கினர்; விற்றதோ 15 இலட்சத்துக்கும் மேல். பிரிட்டனின் பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தப் பொறி இடம்பெற்றது.

அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு படத்தைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. ஆனால் அந்தப் பொறியில் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. பொத்தானை அழுத்தினால் ஒரு மணியோசை. திரையில் பெயர். அடியில் 'பேசிக்' என்ற சொல். அதன்கீழ் ஒரு சிறு குறி, மின்னி மின்னி நிற்கும். படம் இல்லை, பாட்டு இல்லை, 'இதை வாங்கு, அதைப் பார்' என்ற கூச்சல் இல்லை. பிள்ளை ஏதேனும் எழுதும் வரையில் பொறி ஒன்றும் செய்யாது. கட்டளை கேட்டுக் கைகட்டி நிற்கும். விளையாட்டு வேண்டுமென்றாலும் எழுத வேண்டும். அல்லது எவரோ எழுதியதை ஏற்ற வேண்டும். எழுதினார்கள் பிள்ளைகள். நூற்றுக்கணக்கான வரிகளை இதழ்களிலிருந்து பார்த்துத் தட்டினார்கள். ஒரு புள்ளி தவறினால் ஓடாது. தேடித் திருத்தினார்கள்.

அந்தப் பொறியைச் செய்த வில்சனும் ஃபர்பரும் அதோடு நிற்கவில்லை. ஆர்ம் என்னும் புதுச் செயலியை வடிவமைத்தனர்; 1985 ஏப்ரலில் அது முதன்முதலாக இயங்கிற்று. சிலிக்கனில் வார்ப்பதற்கு முன் அது சரியாக இயங்குமா என்று பார்க்கப் போலிச் செயலி ஒன்றை நிரலாக எழுதினார்களே, அதை எழுதியது பிபிசி மைக்ரோவில், பேசிக் மொழியில்! இன்று உலகத்தின் கைப்பேசிகளுள் ஏறத்தாழ எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது அந்தக் குடும்பத்துச் செயலிதான். பள்ளிக்கூடத்துக்கென்று செய்த பொறியின் பரம்பரை, இதைப் படிப்போர் சட்டைப்பையில் இருக்கிறது.

இத்தகைய நாடு வழி தவறியது எப்படி? மெல்ல மெல்லத்தான். எந்திரங்கள் மாறின. கட்டளை எழுதவேண்டிய தேவை போய், படத்தைச் சொடுக்கினால் போதும் என்றாயிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசியப் பாடத்திட்டம் வந்தது. அதில் நாளடைவில் 'தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்' என்ற பாடம் உருவாயிற்று. பெயர் நீளம், பொருள் குறுக்கம். கடிதம் தட்டுவது எப்படி, அட்டவணை போடுவது எப்படி, கூட்டத்தில் காட்டப் படவில்லை செய்வது எப்படி என்பனவே பெரும்பாலான வகுப்புகளில் பாடமாயின. சமையல் வகுப்பு என்று பெயரிட்டு, இலை போட்டுப் பரிமாற மட்டும் பழக்கியதுபோல! கேட்டால், அலுவலகங்கள் கேட்பது இதைத்தானே என்றனர். அலுவலகம் கேட்பதைக் கொடுப்பதுதான் பள்ளியின் கடமையா என்று கேட்பார் அன்று குறைவு.

இதே ஆண்டுகளில் அந்த நாட்டிலே மற்றொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக நமக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனின் சிற்றூர்களில் அஞ்சலகங்களைப் பெரும்பாலும் நடத்துவோர் அரசு ஊழியர் அல்லர். கடை வைத்திருக்கும் எளிய மனிதர்கள். மளிகையும் விற்பார்கள், அஞ்சல்தலையும் விற்பார்கள், ஓய்வூதியமும் தருவார்கள். 1999 முதல் இவர்களுடைய கணக்குகளெல்லாம் 'ஹரைசன்' என்ற கணினி அமைப்புக்கு மாற்றப்பட்டன. பிறகு தொடங்கிற்று துயரம். கல்லாவில் பணம் சரியாக இருக்கும். கணினியோ ஆயிரம் பவுன் குறைகிறது என்னும். மறுமுறை பார்த்தால் இரண்டாயிரம் என்னும். கடைக்காரர் பதறி மேலிடத்தைக் கேட்டால், "வேறு எவருக்கும் இப்படி இல்லையே, உமக்கு மட்டும் ஏன்?" என்ற மறுமொழியைப் பலரும் கேட்டனர். கைப்பொருளைப் போட்டு ஈடு கட்டினர், வீட்டை அடகு வைத்தனர், கடனாளியாயினர். முடியாதவர்கள் மீது திருட்டு, மோசடி என வழக்கு. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. 2010இல் கருவுற்றிருந்த பெண்ணொருவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

திருடியவர் யாருமில்லை. பிழை நிரலில் இருந்தது!

நீதிமன்றம் ஏன் கேட்கவில்லை? 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணினிச் சான்றைக் கொண்டுவருவோரே அக்கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டவேண்டும் என்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று கொள்வதே வழக்கமாயிற்று. மனிதர் சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு. எந்திரம் சொன்னால் இல்லை! வேல்ஸ் நாட்டில் ஒரு கடற்கரை ஊரில் அஞ்சலகம் நடத்தி, 2003இல் அதை இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் விடவில்லை. தம்மைப் போன்றோரைத் தேடித் திரட்டினார். 555 பேர் சேர்ந்து வழக்காடினர். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அமைப்பில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி, எஞ்சியோரில் நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளைத் துடைத்தது. ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

பள்ளியிலே நிரல் கற்றிருந்தால் இந்தக் கொடுமை நடந்தே இராது என்று நாம் சொல்லவில்லை. ஒன்றை மறைத்தார்கள், பொய் சொன்னார்கள். அதற்கு மருந்து வேறு. ஆனால் ஆமை அரை அறுகோணம் போட்டதைக் கண்ட பிள்ளை ஒன்றை ஒருபோதும் மறக்காது: எந்திரம் சொல்வதெல்லாம் எவரோ எழுதியது; எழுதியவர் பிழைக்கலாம். அந்த நினைவு வழக்கறிஞர்களுக்கும் அறங்கூறுவோருக்கும் சற்று இருந்திருந்தால், "உன் நிரலைக் காட்டு" என்று கேட்டிருப்பார்கள் அல்லவா? கெமெனி 1964இல் அஞ்சியது இதைத்தானே!

திரும்பி வந்தது பிரிட்டன். வழியைக் கேட்டவர்கள் ஆசிரியர்களே என்பதில் நமக்குச் சிறு பெருமை. 2008இல் பள்ளி ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடி, கணினியியலை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவர ஒரு குழு அமைத்தனர். 2011 ஆகஸ்டில் கூகுள் நிறுவனத் தலைவர் எரிக் ஷ்மிட் எடின்பரோவில் பேசுகையில், கணினியை ஈன்ற நாடு அதைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லையே என்று வியந்தார். உள்ளூர் ஆசிரியர்கள் மூன்றாண்டு சொன்னதை வெளிநாட்டுச் செல்வர் ஒரு மாலையில் சொன்னதும் ஏடுகளெல்லாம் எழுதின. எங்கும் இப்படித்தான் போலும்! 2012 ஜனவரியில் ராயல் கழகத்தின் அறிக்கை வந்தது. பழைய பாடத்திட்டம் கைவிடப்பட்டது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் ஐந்து வயதுக் குழந்தை தொட்டே கணினியியல் பாடமாயிற்று.

கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில வருவோரின் எண்ணிக்கையும் தரமும் குறைவதைக் கண்டு வருந்திய எபன் அப்டனும் தோழர்களும், பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கத்தக்க 'ராஸ்பெரி பை' எனும் சிறு கணினியை 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்டனர். பிபிசி மைக்ரோவில் 'ஏ', 'பி' என இரு வகைகள் இருந்தன. அந்த நன்றியுணர்வில் இதற்கும் அவ்வாறே பெயர் வைத்தனர். 2016இல் பிபிசியும் தன் பங்குக்கு, உள்ளங்கையில் அடங்கும் 'மைக்ரோபிட்' பொறியை ஏறத்தாழ பத்து இலட்சம் பிள்ளைகளுக்கு விலையின்றிக் கொடுத்தது.

எல்லாம் சரியாயிற்றா? இல்லை. 2017இல் அதே ராயல் கழகம் மீண்டும் ஆராய்ந்தது. பதினாறு வயதுத் தேர்வுக்குக் கணினியியலைப் பாடமாக வைக்காத பள்ளிகள் பாதிக்கும் மேல் இருந்தன. எழுதியவர்களுள் பெண்கள் ஐவரில் ஒருவரே. பாடம் நடத்தும் ஆசிரியர்களுள் பலர் அதை முறையாகப் பயிலாதவர்கள். பாடத்திட்டத்தை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். ஆசிரியரை அப்படி ஆக்கிவிட முடியுமா? ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் தராமல் பாடத்தை மட்டும் தலையில் ஏற்றினால் என்னாகும் என்பது நம்மைப் போன்றோர்க்கு அறிக்கை படித்துத் தெரியவேண்டிய செய்தியன்று.

பெண்கள் ஏன் குறைந்தனர்? அவர்களுக்கு வராது என்பார் இன்றும் உளர். அவர்களுக்கு ஸ்டெபனி ஷெர்லியைக் காட்டுவோம். நாஜிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்டு, 1939இல் ஐந்து வயதில் பெற்றோரின்றிப் பிரிட்டன் வந்து சேர்ந்த யூதச் சிறுமி. 1962இல், மணமாகி வேலையை விட்ட பெண்களைக் கொண்டே வீட்டிலிருந்து நிரல் எழுதும் நிறுவனம் தொடங்கினார். ஸ்டெபனி என்று கையொப்பமிட்ட கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. 'ஸ்டீவ்' என்று ஒப்பமிட்டார், வந்தது! முதல் முந்நூறு ஊழியருள் ஆண்கள் மூவரே. ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டு வானூர்தியின் கருப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியவர்கள், சமையலறை மேசையில் குழந்தையை வைத்துக்கொண்டு வேலை செய்த இந்தப் பெண்களே. வராது என்றா சொல்கிறீர்கள்?

அந்த பிபிசி மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1984இல் நடுவண் அரசு தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு அந்தப் பொறியே தரப்பட்டது. நாடு பெரிது, பள்ளிகளோ பல இலட்சம். 2011இல் தமிழ்நாட்டு அரசு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி தந்தது. அத்திட்டத்தில் பெற்றவர்களுள் நாமும் ஒருவர். ஏழை வீட்டுக் கூடத்திலே கணினி வந்து அமர்ந்த அந்த நாளை மறவோம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நாம் அதில் பார்த்தவை பெரும்பாலும் திரைப்படங்கள். அதற்குக் கட்டளையிட முடியும் என்று நமக்குச் சொல்ல எவருமில்லை. நாம் படித்த பள்ளியிலும் கணினி அறை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். பொறிகளுக்குத் துணி உறை. தொடாதே என்று ஆணை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து நிரலாக்கம் என்று எழுதியிருக்கிறது. அக்கொள்கையின் பிற பகுதிகளில் நமக்குள்ள மாறுபாடு வேறு. பூட்டிய அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு எந்தக் கொள்கையும் காகிதமே.

"இன்று எந்திரமே நிரல் எழுதுகிறதே, பிள்ளை ஏன் எழுதவேண்டும்?" என்பது புதிய கேள்வி. பழைய கேள்வியும்கூட. நம் பாட்டனார் காலத்தில் அஞ்சலகத் திண்ணையில் கடிதம் எழுதித் தருவோர் இருந்தனர். எழுதித் தரத்தான் ஆள் இருக்கிறதே என்று எண்ணிப் படிக்காதிருந்தவர், வட்டிக்கடையில் நீட்டிய பத்திரத்திலும் கட்டைவிரலை உருட்டினார். அதிலே நூறா, ஆயிரமா, யாருக்குத் தெரியும்? இன்று கைப்பேசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தொடுகிறோமே, அது வேறென்ன? எழுதித் தரும் ஆள் எவ்வளவு திறமைசாலியாகிறானோ, அவ்வளவுக்கு நமக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மொழி தடையாகுமோ என்ற அச்சமும் வேண்டுவதில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் கட்டளைகள் தமிழிலேயே அமைந்துள்ளன. 'பதிப்பி' என்றால் பதிப்பிக்கும். கெமெனி எளிய ஆங்கிலத்தில் செய்ததை நம் மொழியிலும் செய்யலாம் என்பதற்குச் சான்றாக அது நிற்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு நாள் மாலை அந்த மூத்த தமிழாசிரியரிடம் சொன்னோம். கெமெனி கதைக்குத் தலையசைத்தார். ஆர்ம் கதைக்குத் தம் கைப்பேசியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அஞ்சல் கடைக்காரர் கதையைச் சொன்னபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். அவருடைய சேமநிதிக் கணக்கில் சில மாதத் தவணைகள் ஏறவேயில்லையாம். சம்பளத்தில் பிடித்த சீட்டு அவர் கையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போனால், "நாங்கள் என்ன செய்வது ஐயா, கணினியில் அப்படித்தான் வருகிறது" என்று அனுப்பிவிட்டார்களாம். மூன்று முறை போய் வந்திருக்கிறார்.

"அந்த ஆமை என்றீர்களே தம்பி, அதை எனக்குக் காட்டமுடியுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தலைமையாசிரியரிடம் சாவி வாங்கினோம். உறையை நீக்கிப் பொறியை இயக்கினோம். ஏழாம் வகுப்புப் பெண்கள் இருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தனர். உள்ளே வரச் சொன்னோம். ஐயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலால் தட்டினார். சதுரம் வந்தது. சிறு பிள்ளைபோல் மகிழ்ந்தார். "இனி முக்கோணம்" என்றோம். சற்று எண்ணிப் பார்த்து, 60 என்று தட்டினார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்களுள் ஒருத்தி, "ஐயா, கொஞ்சம் எழுந்து நடந்து பாருங்களேன்" என்றாள்.